பர்னர் அறையில் என் ஏப்பம்

சொட்டு மருந்து டிராப்பரைக் கண்ணாடியில் எப்படி இழுப்பது என்று கஸ்தூரி உங்களுக்குச் சொல்லித் தருவாள். கண்ணாடிக் குழலின் நடுவைச் சுடரில் காட்டிச் சுற்ற வேண்டும். பாகுபோல இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். நடுவில் நறுக்கினால் இரண்டு டிராப்பர். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கொப்புளிக்கும், பிறகு தோல் தடித்துவிடும். அதைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நான் எழுத வந்தது ஏப்பத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. சின்னவள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். என் வீட்டுக்காரருக்கு வடக்கே மாற்றல் வந்துவிட்டது, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம், அதனால் நானும் விலகுகிறேன். "போறதுக்கு முன்னாடி புதுப் பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பைப் பத்தி ஏதாவது எழுதிக் குடும்மா, நீதான் படிச்ச பொண்ணு" என்று ஃபோர்மேன் சார் சொன்னார். எழுதினேன். படித்துப் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையே நீட்டி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதைப் படித்தபின் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று ஒரு கவலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் ஊரைவிட்டே போகிறேன். அந்தத் தைரியம்தான்.

நம் பர்னர் அறைக்கு மின்விசிறி கிடையாது. காற்று அடித்தால் சுடர் ஆடும், கண்ணாடி கோணலாக இளகும். அதனால் ஜன்னல்களும் சாத்தியே இருக்கும். அம்பத்தூர் வெயிலில் அந்த அறைக்குள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சுடரை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரே நாளில் தெரிந்துகொண்டிருப்பீர்கள். எரிவாயு வாடை வந்தால் கத்தக் கூடாது என்பதும் உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கத்தினால் பக்கத்தில் இருப்பவள் திடுக்கிட்டுச் சூடான கண்ணாடியை மடியில் போட்டுக்கொள்வாள். இடுக்கியால் தகரத் தட்டைத் தட்ட வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அவரவர் வால்வை மூடிவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல், வரிசையாக வெளியே வர வேண்டும். நான் சேர்ந்தபோதும் இதே ஏற்பாடுதான்.

நான் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். சின்னவள் அப்போது கைக்குழந்தை. அவளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவேன். தற்காலிக வேலைதான். ஆயுத பூஜை அன்று முதலாளி வந்து, நிரந்தரம் ஆகிறவர்களின் பெயரைப் படிப்பார். அந்த வருஷம் என் பெயர் வருமா வராதா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு நானாகத் தேடிக்கொண்ட முதல் விஷயம் இந்த வேலை. குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாயே என்று கேட்டவர்களுக்கெல்லாம், நிரந்தரம் ஆகப்போகிறது என்றுதான் பதில் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து வயிறு கெட்டது.

சாதாரண ஏப்பமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அழுகின முட்டை வாடை. சாப்பிட்டாலும் வரும், பட்டினி கிடந்தாலும் வரும். வயிறு பானைபோல உப்பும், இரண்டு நாள் போகும், இரண்டு நாள் போகாது. ஓம வாட்டர் குடித்தேன். இஞ்சிச் சாறு குடித்தேன். குழந்தைக்கு வாங்கிய கிரைப் வாட்டரை, அவளுக்கு ஒரு மூடி எனக்கு மூன்று மூடி என்று பங்கு போட்டேன். பருப்பை நிறுத்தினேன், முட்டையை நிறுத்தினேன், முட்டைக்கோஸை நிறுத்தினேன். கடைசியில் தயிர்சாதமும் நானும் மட்டும் மிச்சம். குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவழைத்து, அந்த ஏப்பத்தை மோந்து பார்ப்பேன். என் பால் வழியாக அவளுக்கும் போய்விட்டதோ என்று பயம். அவள் ஏப்பத்தில் பால் வாசம் மட்டும்தான் இருக்கும். அப்பாடா என்று உட்கார்ந்தால் என் ஏப்பம் வரும்.

"ஏங்க, என் பக்கத்துல உக்காந்தா ஏதாவது வாடை வருதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வருதே. மல்லிப்பூ வாடை" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அன்று நான் பூவே வைத்திருக்கவில்லை.

டாக்டர்களிடமும் போனேன். ஒருவர் காரத்தைக் குறை என்றார். இன்னொருவர் கவலையைக் குறை என்றார். அவர் சொன்னதிலிருந்து கவலையைக் குறைப்பது எப்படி என்பதும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அவர்களிடம் சொன்னதெல்லாம் "வயிறு மந்தமா இருக்கு டாக்டர்" என்பது மட்டும்தான். வாடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. படித்த பெண், ஒரு ஆண் டாக்டரிடம் போய் என் ஏப்பம் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது?

காலை ரயிலில் ஒரு வசதி இருந்தது. நெரிசலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டால், அடுத்த ஸ்டேஷனுக்குள் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சாக்கடை பக்கம் போகிறோம் போலிருக்கிறது என்று வெளியே எட்டிப் பார்ப்பார்கள்.

பர்னர் அறையில் அப்படி எட்டிப் பார்க்க முடியாது. எரிவாயுவுக்கென்று ஒரு வாடை சேர்க்கிறார்களே, அதுவும் என் ஏப்பமும் அக்கா தங்கைபோல இருந்தன.

முதல் முறை நடந்தது ஆடி மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று வந்துவிட்டது. நான் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் விட்டேன். முன்வரிசையில் யாரோ தட்டைத் தட்டினார்கள். டக் டக் டக். எல்லா வால்வும் மூடின, எல்லோரும் வெளியே வந்தோம். ஃபோர்மேன் சார் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடினார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சோப்பு குமிழி விடும். ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். ஒரு குமிழியும் இல்லை. அதற்குள் பாதி சூடான குழல்களெல்லாம் ஆறி விரிசல் விட்டு, அன்றைய உற்பத்தி படுத்துவிட்டது.

எனக்குத் தெரியும் அது நான்தான் என்று. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் கையில் சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற கோலத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

இரண்டாம் முறை அவர் ரெகுலேட்டரையே மாற்றினார். மூன்றாம் முறை வெளியே கொட்டகையில் சிலிண்டரிலிருந்து வரும் பெரிய ஓஸ் குழாயை மாற்றினார். எரிவாயுக் கம்பெனி ஆளைக் கூட்டிவந்து, "நீங்க போட்ட இணைப்பு சரியில்ல" என்று சண்டையும் போட்டார். அந்த ஆள் பாவம், அவரும் மோந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. என் ஏப்பம் நிற்கவில்லை, ஆனால் எல்லோரும் தட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. ஏலக்காய் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எந்நேரமும் வாயில் ஏலக்காய்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் ஒருவர் கை போட்டுச் சாப்பிடுவார்கள், நான் மட்டும் குழாயடியில்.

கஸ்தூரிதான் வந்து கேட்பாள். அப்போதும் என் பக்கத்து மேஜை அவள். மண்ணூர்பேட்டைக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

"இன்னாக்கா, தனியா துன்னுகினு கீற? நாங்க இன்னா கட்ச்சிடுவமா?"

"பத்தியம்மா."

"இன்னா பத்தியம் இது? எப்ப பாத்தாலும் தயிர்சோறு. ஊட்டுக்காரு ஒண்ணும் சொல்றதில்லியா?"

"அவர் எதுவுமே சொல்ல மாட்டார்."

"குட்த்து வெச்சவ நீ" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு வறுத்த மீன் துண்டை என் மூடியில் வைத்துவிட்டுப் போவாள். அதைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று நான் மணி அடிக்கும்வரை யோசிப்பேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. வெளியே மழை. சாரல் வருகிறது என்று மேலே இருக்கும் காற்று ஜன்னலையும் சாத்திவிட்டோம். காலை வேலை பாதி ஓடியிருக்கும். வாடை வந்தது.

நான் உடனே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பழக்கம். ஐயோ, மறுபடியும் நான், பூஜை வரைக்கும் தாங்கக் கூடாதா என்று வயிற்றைத் திட்டினேன். கஸ்தூரி என்னைப் பார்த்தாள், லேசாகச் சிரித்துவிட்டுத் தன் சுடருக்குத் திரும்பினாள். எதிர்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சுளித்தாள், என்னைப் பார்த்தாள், அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். வேலை ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த கட்டுக் குழல் எடுக்கக் கீழே இருந்த பெட்டிக்குக் குனிந்தேன். வாடை குப்பென்று அடித்தது. நிமிர்ந்தேன், குறைந்தது. மறுபடி குனிந்தேன், அடித்தது.

ஏப்பம் வருவதற்கு முன்னால் தொண்டையில் ஒரு கசப்பு ஏறும். இத்தனை மாதத்தில் எனக்கு அது மனப்பாடம். இன்று அந்தக் கசப்பு ஏறவே இல்லை. காலையிலிருந்து ஒரு ஏப்பம்கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாடை வந்தால் அது நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு முந்தானையை எடுத்திருக்கிறேன். அதோடு, என் ஏப்பம் எதற்கு என் கால் மாட்டில் போய்க் கிடக்க வேண்டும்? எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

தெரிந்தும் உடனே தட்டவில்லை. கேளுங்கள், இதுதான் முக்கியம். ஒருவேளை வந்து எனக்கே தெரியாமல் போயிருந்தால்? நான் தட்டி, நாலாவது முறையும் ஒன்றும் இல்லை என்றாகி, யார் தட்டியது என்று கேட்டு, பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது... கையில் இருந்த குழல் சுடரில் இளகித் தொங்கி, தானாக அறுந்து தட்டில் விழுந்தது. அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறேன். என் காலைச் சுற்றி எரிவாயு, கண் முன்னால் தீ. கையில் மிச்சமிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியை எடுத்துத் தட்டைத் தட்டினேன்.

ஒருவரும் அசையவில்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன். கஸ்தூரி என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "வுடுக்கா. எதுக்குத் தட்டிகினு கீற? நாங்க இன்னா ஒன்னிய ஏதாவது கேட்டோமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்காகத் தெரியும். வாடை வந்தால் முதலில் என்னைப் பார்க்கிறார்கள். முந்தானை வாயில் இருந்தால், சுமதியக்கா ஏப்பம் என்று சுடருக்குத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. முகமெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் பூமியில்தான் எரிவாயு தேங்கியிருந்தது.

எழுந்து நின்றேன். கத்தக் கூடாது என்ற அறையில், குவார்ட்டர்ஸில்கூட நான் கத்தாத குரலில் கத்தினேன்.

"இது நான் இல்லை! சத்தியமா எனக்கு இன்னிக்கு ஏப்பமே வரலை! கீழ குனிஞ்சு மோந்து பாருங்க!"

கஸ்தூரி குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"யம்மாடி! மூடு! அல்லாரும் மூடுங்கடி! எந்திரி, எந்திரி!"

படபடவென்று வால்வுகள் மூடின. சுடர்கள் அணைந்தன. ஓடாமல், ஒருவரை ஒருவர் இடிக்காமல், மழைக்குள் போய் நின்றோம். என் மடியில் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. யார் கையிலிருந்து தெறித்ததோ.

ஃபோர்மேன் சார் வெளியே சிலிண்டரை அடைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனார். கஸ்தூரியின் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில், கீழே ஓடும் ரப்பர் ஓஸை எலி கடித்து வைத்திருந்தது. சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து சோப்புத் தண்ணீரை ஊற்றியதும் இட்லி மாவு பொங்குவதுபோல நுரை பொங்கியது என்று சொன்னார். எங்கள் இருவரின் புடவையும் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் தரையில் புரண்டுகொண்டிருந்தது.

சிலிண்டர் கொட்டகையிலிருந்து தள்ளி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒதுங்கி நின்றோம். அவர் வந்தார்.

"யாரு முதல்ல கண்டுபிடிச்சது?"

"சுமதிக்கா சார்" என்றாள் கஸ்தூரி.

"அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் வெளிய வரல? தட்டுச் சத்தம் ஸ்டோர்ல எனக்கே கேட்டுச்சே!"

எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். இவர்கள் எனக்காக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்தது.

"சார், போன மூணு தடவையும் லீக் இல்ல சார். அது நான்" என்றேன்.

"நீன்னா?"

"ஏப்பம் சார்."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"ரெகுலேட்டர் மாத்தினேனே?"

"ஏப்பம் சார்."

"பெரிய ஓஸ்?"

"அதுவும் சார்."

"அந்த கேஸ் கம்பெனி ஆளை நிக்க வெச்சுத் திட்டினேனேம்மா!"

கஸ்தூரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். பயந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாக அவரும் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒங்களுக்கெல்லாம் தெரியும். ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"எப்டி சார் சொல்றது?" என்றாள் கஸ்தூரி. "கைப்புள்ளக்காரி. மூஞ்சிக்கு நேரா சொல்லி அது வேலைய வுட்டு நின்னுட்டா இன்னா பண்றது?"

தங்கைகளே, நான் அந்த அறையில் கற்றுக்கொண்டது இதுதான். எனக்கு வெட்கம், அவர்களுக்கு இரக்கம். இரண்டிலும் தப்பு சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து, எரிவாயு வாடை வந்தால் யாரும் எழுந்திருக்காத ஒரு அறையை உண்டாக்கிவிட்டன. அன்று எனக்கு ஏப்பம் வராததால்தான் தப்பித்தோம்; ஏப்பம் வந்த ஒரு நாளில் அந்த எலி கடித்திருந்தால் நான் முந்தானையோடு நின்றிருப்பேன்.

ஃபோர்மேன் சார் அன்றே ஒரு வழக்கம் வைத்தார். இந்த அறையில் யாருக்கு வயிற்றிலிருந்து எந்தப் பக்கமாக எது வந்தாலும், கையைத் தூக்கி "என்னுது" என்று சொல்லிவிட வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வாடை வந்து யாரும் கை தூக்கவில்லை என்றால், யோசிக்காமல் வால்வை மூட வேண்டும்.

"நீங்களும் தூக்கணுமா சார்?" என்றாள் கஸ்தூரி.

"நானும்தான்" என்றார். தூக்கவும் தூக்கினார், நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே, கவலையைக் குறை என்ற அதே டாக்டரிடம் போனேன். "டாக்டர், என் ஏப்பம் அழுகின முட்டை மாதிரி நாறுது. கூட வேலை செய்றவங்க கேஸ் லீக்குன்னு வெளிய ஓடுறாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இதையேன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டு, மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் வரும் ஏதோ ஒரு கிருமி. வாயெல்லாம் இரும்பு நக்கியதுபோல் ஆக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக் கால்வாசி இன்றுவரை எப்போதாவது வருகிறது. மறுபடி பரிசோதித்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அதற்கும் பழகிவிட்டது. உங்களில் யாருக்காவது அப்படி ஏதாவது இருந்தால், டாக்டரிடம் "மந்தம்" என்று சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் நம்மைவிட மோசமானதெல்லாம் கேட்டிருப்பார்கள்.

ஆயுத பூஜை வந்தது. பர்னர்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். என் இடுக்கிக்குக்கூடப் பொட்டு. அறை முழுக்கச் சாம்பிராணி, பொரிகடலை, பூசணிக்காய். பட்டியலில் என் பெயர் இருக்கிறதோ இல்லையோ என்று எனக்கு இரண்டு நாளாக அதே கவலை. எலி கடித்ததும் ஏப்பம் விட்டதும் முதலாளி காதுக்குப் போயிருக்காதா? ஒரு வாரத்தில் அந்த மாத்திரையும் பாதிதான் முடிந்திருந்தது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடித்த தாளைப் பிரித்தார். தொண்டையில் கசப்பு ஏறியது. எவ்வளவோ அடக்கினேன். வந்துவிட்டது.

சாம்பிராணியையும் மீறிக்கொண்டு அது பரவியது. முதலாளி படிக்காமல் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சினார். இரண்டு வரிசைப் பெண்களும் ஒரே சமயத்தில் வால்வுகளைப் பார்த்தார்கள். சிலிண்டரை முதல் நாளே மூடியாகிவிட்டது, இருந்தாலும் பார்த்தார்கள். கஸ்தூரி ஒரு கையை வால்வில் வைத்தே விட்டாள்.

நான் கையைத் தூக்கினேன்.

"என்னுது சார்."

கஸ்தூரி கையை எடுத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முதலாளி மட்டும் ஒன்றும் புரியாமல் ஃபோர்மேன் சாரைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் அவர். "நீங்க படிங்க."

மூன்றாவதாக என் பெயரைப் படித்தார்.